பழைய மோட்டாரில் பார்க்க வேண்டியது

மணல்துறை
12-6-1988

அன்புள்ள சில்வஸ்டர் அண்ணனுக்கு, தங்கை ஜெஸிந்தா எழுதுவது. இங்கே நானும் அவரும் கடவுள் புண்ணியத்தில் நலம். அண்ணியின் இருமல் நின்றதா? குன்னூரில் மழை பிடித்திருந்தால் முழங்கால் உங்களைச் சும்மா விட்டிருக்காது. தைலம் தேய்க்கச் சோம்பல்படாதீர்கள்.

ஒரு விஷயம். அவர் மீன்பிடி வள்ளத்துக்கு மோட்டார் வாங்கப் போகிறாராம். புதியதற்கு வழியில்லை, பழையதுதான். பக்கத்து ஊரில் ஒருவர் விற்கிறார். என் அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர், எஸ்டேட் கிளப் ஏரியில் துரைமார் ஏறும் படகு மோட்டாருக்கும் அவர்தான் வைத்தியர் என்று கல்யாணமான புதிதில் நான் பெருமை அடித்தது இப்போது வினையாகிவிட்டது. "மச்சான்ட்ட கேட்டு எழுது, என்னென்ன பாக்கணும்னு" என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறார்.

அதனால் விவரமாக எழுதுங்கள். என்னென்ன கோளாறு இருக்கலாம், எதற்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லலாம், எதையும் விடாதீர்கள். கடிதம் நீளமானாலும் பரவாயில்லை.

அண்ணிக்கு என் அன்பு.
ஜெஸிந்தா


ராக்மோர் எஸ்டேட், குன்னூர்
20-6-1988

பாசமுள்ள ஜெஸிக்கும் மாப்பிள்ளை லூயிஸுக்கும் சில்வஸ்டரின் ஆசி. இருமல் உன் அண்ணியை விட்டு என்னிடம் குடிவந்திருக்கிறது. மற்றபடி சுகம். இலை வரத்து அதிகம், ஃபேக்டரியில் ரோலர் ஒன்று தினமும் மக்கர் பண்ணுகிறது, மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். போனவுடன் மூடியைக் கழற்றி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள் மாப்பிள்ளை. சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஆறும்வரை உட்கார்ந்து டீ குடியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை பேசும். பிறகு கயிற்றை மெதுவாக இழுங்கள். கையை எதிர்த்து நிற்க வேண்டும். மெத்தென்று வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. அடியில் கியர் பெட்டியில் ஒரு திருகு இருக்கும், தளர்த்திக் கொஞ்சம் ஆயிலை விரலில் எடுங்கள். பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத்தூள் மினுக்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி ஓட்டினால் பின்னால் ஒரு துளையில் தண்ணீர் பீய்ச்சும். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் அது. பென்சில் கனத்துக்கு விடாமல் வர வேண்டும். கடலில் ஓடிய மோட்டாரில் உப்பு அடைத்து நூலாகிவிடும். புதுப் பெயின்ட் அடித்து நிற்கிற மோட்டாரைக் கண்டால் கல்யாணத் தரகரைக் கண்ட ஜாக்கிரதை வேண்டும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு எழுதுங்கள். எட்டு மணிச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் நலம் நாடும்
சில்வஸ்டர்


மணல்துறை
3-7-1988

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். உங்கள் இருமலுக்கு மிளகும் கருப்பட்டியும் போட்டுக் குடியுங்கள்.

மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தோம். நானும் கூடப் போனேன். நீங்கள் எழுதியபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிறு கையைப் பிடித்து நிறுத்தியது. ஆயில் தேன் நிறம். தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. பெயின்ட் பழசு. வாங்கலாமா என்று உங்கள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்கிறார்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். வாங்கலாம் என்று எழுதிவிடாதீர்கள் அண்ணா.

பாய் விரித்துப் போனால் கோயில் கோபுரம் மறையாத தூரத்தில்தான் வலை போடுகிறார். மதியத்துக்குள் வந்துவிடுகிறார். மோட்டார் வைத்தவர்கள் கரை தெரியாத இடத்துக்குப் போகிறார்கள். போன கார்த்திகையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படிப் போனார். நடுக்கடலில் மோட்டார் நின்றுவிட்டது. வள்ளம் மட்டும்தான் கிடைத்தது. அவர் பெண்சாதி பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வலை பின்னுகிறாள். அந்தப் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் இல்லை.

அவரிடமே சொல்லக் கூடாதா என்பீர்கள். கடலுக்குப் போகிற ஆணிடம் பெண் பயம் என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்று மாமியார் முதல் வாரமே சொல்லிவிட்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்பதுகூடக் குற்றம். அப்பா பிறந்த கரை என்று என்னை இங்கே கட்டிக் கொடுத்தீர்கள். தேயிலைக் காட்டில் வளர்ந்தவளுக்கு இந்தத் தண்ணீர் இன்னும் பழகவே இல்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அவர் கேட்பார். உங்கள் மேல் அவ்வளவு மதிப்பு.

ஜெஸிந்தா


ராக்மோர் எஸ்டேட்
15-7-1988

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை லூயிஸுக்கு, நலம். நலம் அறிய ஆவல்.

ஜெஸி எழுதிய விவரங்களைப் பார்த்தேன். அந்த மோட்டார் வேண்டாம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வயதான மாடல். உதிரிப் பாகம் கிடைக்காது. ஒரு மாதம் ஓடினால் அதிசயம். கொஞ்சம் பொறுத்து வேறு பார்ப்போம்.

அவசரப்பட வேண்டாம்.
சில்வஸ்டர்


மணல்துறை
2-9-1988

மச்சான் அவர்களுக்கு லூயிஸ் எழுதுவது. வீட்டில் சுகம்.

ஒரு மாதம் ஓடாது என்றீர்களே, அந்த மோட்டாரை என் கூட்டாளி மிக்கேல் வாங்கினான். இன்றுவரை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதன் பிறகு நான் பார்த்து வைத்த இன்னொன்றையும் வேண்டாம் என்று எழுதினீர்கள். அதுவும் இப்போது வேறொருவன் வள்ளத்தில் நன்றாக ஓடுகிறது. எனக்கு எழுத்து வேலை அதிகம் தெரியாது. ஆனால் எனக்கும் கொஞ்சம் யோசிக்கத் தெரியும்.

உங்கள் கிளப்பில் புதுசு வாங்கப் போவதால் பழைய மோட்டாரை விற்கிறார்கள் என்று அண்ணி எழுதியிருந்தார். நானே வருகிறேன். என் கண் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள்.

லூயிஸ்


ராக்மோர் எஸ்டேட்
21-9-1988

அன்பு ஜெஸி, நீ தையல் சொல்லிக் கொடுக்கும் மடத்து விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். இதற்குள் மாப்பிள்ளை மோட்டாரோடு வந்து சேர்ந்திருப்பார். என் மேல் கோபமாக இருப்பாய்.

மெல்லிய சட்டையோடு வந்து இறங்கினார். ஏரிக்கரையில் பல் கிட்டுகிறது. படகோட்டி ஆறுக்குட்டி, "ஏனுங்க ஃபிட்டரே, உங்க மாப்பிள்ளைக்கு ஒரு கம்பிளியக் குடுங்க, மோட்டாருக்கு முன்னால அவரு வெறைச்சிருவாரு" என்றான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார், கயிற்றை இழுத்தார், ஆயிலை விரலில் எடுத்தார். நான் ஜூன் மாதம் எழுதியதை அப்படியே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். கடைசியில் என் முகத்துக்கு நேரே நின்று, "இதுல என்ன கொறை மச்சான்? சொல்லுங்க பாப்போம்" என்றார்.

காகிதத்தில் இரண்டு தடவை பொய் எழுதிவிட்டேன் ஜெஸி. நல்ல மோட்டாரைக் கெட்டது என்று எழுதியதில் அன்றைக்கெல்லாம் ஃபேக்டரியில் ஸ்பேனர் பிடிக்கக் கை கூசியது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "ஒரு கொறையும் இல்லீங்க மாப்பிள்ளை. ஏரித் தண்ணியில ஓடுனது, உப்பே படலீங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மைதான் அது. நல்ல மோட்டாரோடு போகிறார் என்பதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்.

உன் அண்ணன்


மணல்துறை
18-10-1988

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். அங்கே எல்லோரும் நலந்தானே?

கோபம் எதுவும் இல்லை. உங்களிடம் கேட்டதே தப்பு. மோட்டார் நன்றாக ஓடுகிறதாம். துள்ளிக்கொண்டு போகிறது, மிக்கேலை முந்திவிட்டது என்று கரையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கை பழகட்டும் என்று இப்போது பாதி வேகத்தில் பக்கத்திலேயே ஓட்டுகிறார். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தூரம் போவார்களாம்.

மத்தியானம் ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வேறு விசேஷம் இல்லை.

ஜெஸிந்தா


ராக்மோர் எஸ்டேட்
5-11-1988

ஜெஸி, நலம் விசாரிக்க நேரமில்லை. இதற்கு முன் என் தந்தி வந்திருக்கும். மோட்டாரை ஓட்டவிடாதே.

இன்று காலை கிளப்புக்குப் புது மோட்டார் வந்தது. மலைக்கு வரும் எந்த எஞ்சினிலும் நான் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதைக் கழற்றிவிட்டு இன்னும் சின்னத் துளை உள்ளதைப் போடுவேன். மலையில் காற்று லேசு, பெட்ரோலும் குறைவாகத்தான் போக வேண்டும். மோட்டார் சைக்கிளானாலும் ஜீப்பானாலும் இங்கே அப்படித்தான். பல் விளக்குவதுபோல் பழகிப்போன வேலை. கழற்றிய ஜெட்டை டப்பாவில் போடப் போனேன். அதே டப்பாவில் பழைய மோட்டாரின் ஜெட் கிடந்தது. விற்கும்போது அதைத் திரும்ப மாட்ட மறந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் புருஷன் கொண்டுபோன மோட்டாரில் இருப்பது மலை ஜெட். கடற்கரைக் காற்று கனம், அதற்கு இந்தப் பெட்ரோல் பற்றாது. எஞ்சினுக்கு ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது, அதுவும் பற்றாது. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது, துள்ளிக்கொண்டுதான் ஓடும். முழு வேகத்தில் நெடுந்தூரம் போகும்போது சூடேறி பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கடலில் வைத்து யாராலும் கிளப்ப முடியாது. ஒரு குறையும் இல்லை என்று சொன்னேனே பாவி.

நானே வந்திருப்பேன். பர்லியாரில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது, ரயிலும் இல்லை. கோத்தகிரி வழியில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. தபால் பையை ஆட்கள் தலையில் வைத்து இறக்குகிறார்கள். அவர் காலைப் பிடித்தாவது நிறுத்து.

சில்வஸ்டர்


மணல்துறை
12-11-1988

அண்ணா, தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது.

தந்தியைக் கரையில் எல்லோர் முன்பும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வேற சோலி இல்ல. மொதல்ல கடுதாசி, இப்ப தந்தி" என்றார். உங்கள் கடிதத்தை நீட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. ஜெட், காற்று என்று நான் சொல்லச் சொல்ல, நன்றாகப் பாடம் பண்ணியிருக்கிறாய் என்றார். நீங்கள் சொன்னால் பொய், நான் சொன்னால் நடிப்பு. இனி யார் சொன்னால் கேட்பார்?

கடலில் இப்போது காற்று பலம். அடங்கியதும் மூன்று வள்ளமாகத் தூரம் போகப் பேசி வைத்திருக்கிறார்கள். அவரைக் காப்பாற்ற உங்களைப் பொய் சொல்லச் சொன்னேன். அந்தப் பொய்யே இப்போது அவரைக் கொண்டுபோகப் போகிறது. மோட்டாரை உடைத்துவிடலாமா என்றுகூட இருக்கிறது. உடைத்தால் மிக்கேலோடு போவார்.

ஏதாவது செய்யுங்கள். நேரே அவருக்கு எழுதுங்கள்.

ஜெஸி


ராக்மோர் எஸ்டேட்
17-11-1988
(பதிவுத் தபால்)

மாப்பிள்ளை லூயிஸுக்கு,

முதல் இரண்டு மோட்டாரையும் வேண்டாம் என்று எழுதியது பொய். இரண்டுமே நல்ல மோட்டார்கள். என் தங்கை தாலி அறுத்துவிடுவாளோ என்ற பயத்தில் நானாக எழுதினேன். ஜெஸிக்கு இதில் பங்கில்லை. அவளைத் திட்ட வேண்டாம். திட்டுவதை எனக்கு எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு தடவை பொய் சொன்னவனை நம்புங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. என்னை நம்ப வேண்டாம். பிளக்கை நம்புங்கள். கோபுரம் தெரிகிற தூரத்துக்குள்ளேயே, பாயும் கூட்டாளியும் வள்ளத்தில் இருக்க, கொஞ்ச நேரம் மட்டும் முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஓடுகிற வேகத்திலேயே சட்டென்று நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நான் மூன்றாம் தடவையும் பொய்யன். இந்தக் கடிதத்தைக் கடலில் போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பற்றாமல் உள்ளே வேகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு அடிகூடப் போகாதீர்கள். பாய் விரித்துத் திரும்பிவிடுங்கள்.

அந்த மோட்டாரோடு பிறந்த ஜெட்டைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் எந்த மெக்கானிக்கும் மாட்டித் தருவான். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சில்வஸ்டர்


ராக்மோர் எஸ்டேட்
28-11-1988

அன்பு ஜெஸி, நலம், நலமறிய ஆவல். பதிவுத் தபால் கிடைத்ததா? இது கார்டு, அதிகம் எழுத முடியாது. தபால்காரர் வேலாமணி என்னைக் கண்டாலே, "இல்லீங்க, வந்தா ஊட்டுக்கே கொண்டாந்து தர்றனுங்க" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார். அண்ணி ஜெபம் பண்ணுகிறாள். இரண்டு வரி போதும்.

சில்வஸ்டர்


ராக்மோர் எஸ்டேட்
5-12-1988

ஜெஸி, பாதை திறந்துவிட்டது. இந்த வாரம் கடிதம் இல்லை என்றால் புறப்பட்டுவிடுவேன். உன்னால் எழுத முடியாவிட்டால் மடத்துச் சிஸ்டர் யாரையாவது எழுதச் சொல். எதுவானாலும் எழுதச் சொல்.

அண்ணன்


மணல்துறை
7-12-1988

அன்புள்ள அண்ணனுக்கு, அவர் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பேனாவை எடுப்பேன், கை ஓடாது.

உங்கள் பதிவுத் தபாலை அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். நின்றபடியே வாசித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் மூன்று வள்ளமும் கிளம்பின. நான் கரையிலேயே நின்றேன். இரண்டு வள்ளம் போய்விட்டன. இவர் வள்ளம் கண்ணுக்குத் தெரியும்போதே அசையாமல் நின்றுவிட்டது. மோட்டார் போயிற்று என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துப் பாய் ஏறியது.

வந்து இறங்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தூத்துக்குடி மெக்கானிக் திறந்து பார்த்ததில் பிஸ்டனின் ஒரு பக்கம் கீறல் விழத் தொடங்கியிருக்கிறதாம். அன்றைக்கு அந்த இரண்டு வள்ளத்தோடு போயிருந்தால் பாதியிலேயே பிடித்திருக்கும் என்றாராம். கீறலைத் தேய்த்துச் சரிபண்ணி, நீங்கள் அனுப்பியதை மாட்டிக் கொடுத்திருக்கிறார். அங்கேயே ஓட்டிப் பார்த்ததில் பிளக் இப்போது காப்பிக்கொட்டை நிறம்.

நான் எழுத முடியாமல் கிடந்தது அதற்குப் பிறகு நடந்ததால். உங்கள் கடிதத்தை என் முன்னால் வைத்து, "ஆயிலு தேன் மாதிரி இருக்குன்னு நீதான எழுதுன? அத மோசம்னு ஒரு ஃபிட்டரு தானா எழுத மாட்டாரு. எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நீங்கள் எனக்காக உங்கள் தலையில் போட்டுக்கொண்டதை நான் காப்பாற்றியிருக்க வேண்டும். முடியவில்லை அண்ணா.

"நான்தானுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க வள்ளத்தத் தள்ளிட்டுப் போற நிமிசத்துல இருந்து வர்ற வரைக்கும் பயமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருந்தோம், வேண்டும், வேண்டாம் என்பதற்கு மேல் பேச்சில்லை. கடலுக்கும் போகவில்லை. அதை என்னவென்று உங்களுக்கு எழுதுவேன்?

நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கையை வைத்தபடியே சொன்னார்: "எனக்குந்தான் பயம். தெனமும். வள்ளத்தத் தள்ளும்போது கை நடுங்கும். எவனும் பாத்துறக் கூடாதேன்னுதான் சத்தம் போட்டுப் பாடுறது."

அவர் பாட்டுக்குக் கரையில் பெயர் உண்டு அண்ணா. லூயிஸ் பாடினால் அலை அடங்கும் என்று கேலி பண்ணுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, இந்த மனுஷனுக்குப் பயமே கிடையாது, எனக்குத்தான் கோழை நெஞ்சு என்று நாலு வருடம் நினைத்திருந்தேன்.

இன்று விடியலில் போனார். பாடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தள்ளினார். ஏன் பாட்டு இல்லை என்று மற்றவர்கள் கேட்டார்கள். மதியத்துக்குள் வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இப்போது மதியம் தாண்டிவிட்டது. கடிதத்தை இதோடு நிறுத்துகிறேன் அண்ணா, கரைக்குப் போக வேண்டும்.

உங்கள் தங்கை
ஜெஸிந்தா